ஆறு விரல் சரிவு

ஜிலாலி யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். செருப்பின் அடி தோலா ரப்பரா, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கணக்கெடுத்த பிறகுதான் சலாம் சொல்வார். என் அக்காவைப் பெண் கேட்டு வந்த வீட்டார் திரும்பிப் போனதும் சந்தில் நின்றிருந்த அவரிடம் அம்மா, "பையன் எப்படி, ஸி ஜிலாலி?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"நல்ல பையன். ஆனா இடது குதிகால் மொழுமொழுன்னு தேஞ்சு கிடக்கு. மழை பெய்யிற அன்னிக்கு மட்டும் வர வேணாம்னு சொல்லுங்க."

ஃபெஸ் நகரின் கோட்டைக்குள் எங்கள் சந்துக்குச் சிமெண்டு மூட்டை, காஸ் சிலிண்டர், கல்யாணக் கட்டில் எல்லாமே கோவேறு கழுதையின் முதுகில்தான் வரும். ஜிலாலிக்கு அதுதான் தொழில், பதினாறு வயதிலிருந்து. பாப் கீஸா வாசலுக்குப் பக்கத்தில் உள்ள கொட்டிலில் கழுதையைக் கட்டுவார். விடிந்ததும் கிளம்பி, "பாலக்! பாலக்!" என்று கத்திக்கொண்டே சந்துகளில் இறங்குவார். அந்தச் சத்தம் கேட்டால் எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். கத்தாத நேரத்தில் அவர் தரையோடு பேசிக்கொண்டிருப்பார். ஓரிடத்தில் நின்று, வலது காலின் அடியைக் கல்லில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். "இது கடிக்குது" என்பார். இன்னும் நான்கு அடி தள்ளி இழுத்துப் பார்த்து, "இது நக்குது" என்பார்.

எங்கள் வீடு இருக்கும் சரிவு நக்கும் சரிவு. எத்தனையோ தலைமுறைக் கால்கள் தேய்த்துத் தேய்த்து அதன் கற்கள் தேநீர்த் தட்டு மாதிரி மினுங்கும். இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் அந்தச் சரிவில்தான் ஜிலாலியின் பழைய கழுதை மஸூதா விழுந்தது.

அன்று தூறல். வழக்கமாக நான்கு மாவு மூட்டை ஏற்றுகிறவர், வழுக்குமே என்று இரண்டை இறக்கி வைத்துவிட்டுப் பாதிச் சுமையோடு இறங்கினார். எங்கள் வாசலுக்கு நேராக அதன் பின்னங்கால் வழுக்கி ஓடியது. அவர் பதறிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கழுதை பக்கவாட்டில் சாய்ந்தது. கால் எலும்பு முறிந்த சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்டது. அதன் பிறகு நடந்ததை அவர் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

அவர் எல்லாரையும் கேட்டது வேறொரு கேள்வி. லாடம் அடிப்பவரைக் கேட்டார், மசூதி வாசலில் இமாமைக் கேட்டார், பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த என்னையும் நிறுத்திக் கேட்டார்.

"பாதிச் சுமைதானேம்மா இருந்துச்சு? அப்புறம் ஏன் வழுக்குச்சு?"

பிரெஞ்சில் இருந்த இயற்பியல் பாடப் புத்தகத்திலிருந்து நான் மனப்பாடம் செய்த ஒரு வரி நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லவில்லை. பரீட்சைக்காகப் படித்த அந்த வரி ஒரு கழுதையின் காலுக்கும் பொருந்தும் என்று எனக்கே அப்போது நம்பிக்கை இல்லை.

ஆகவே பதிலை அவரே தேடினார். அடுத்த வசந்தத்தில் எங்கள் சந்தில் குழாய் பதிக்கத் தோண்டியபோது சரிவிலிருந்து பெயர்த்த ஒரு கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இரண்டு சாண் நீளம், நன்றாக மினுங்கும் கல். கொட்டிலின் முற்றத்தில் வைத்து, ஒரு முனைக்கு அடியில் கார் ஜாக்கியைக் கொடுத்தார். கல்லின் மேல் ஒரு லாடத்தை வைத்து, ஜாக்கியை மெல்லச் சுற்றுவார். முனை உயர உயர, ஏதோ ஒரு கட்டத்தில் லாடம் சரக்கென்று ஓடும். எத்தனை விரல் உயரத்தில் ஓடியது என்று கையை வைத்து அளந்து கரித்துண்டால் சுவரில் கோடு போடுவார். எங்கள் சரிவின் சாய்வையும் இதே மாதிரி அளந்து வைத்திருந்தார். கல்லின் முனையை ஆறு விரல் உயர்த்தினால் அதே சாய்வு.

கொட்டிலில் இதைப் பார்த்து அதிகம் சிரித்தவர் கத்தூர். அவரும் கழுதை ஓட்டுபவர்தான். இரும்பு லாடத்தைத் தவிர வேறெதையும் தன் கழுதையின் காலில் ஒட்ட விடாதவர்.

"என்னடா ஜிலாலி, கல்லுக்குக் கால் பிடிச்சு விடுறியா?"

"வா, வந்து பாரு. இது நம்ம தேஞ்ச டயர்ல வெட்டுன லாடம். இதை வெறுமனே வெச்சா எத்தனை விரல்ல ஓடும்?"

"நீயே சொல்லு."

"பதினாலு. இப்போ இதுக்கு மேல ஒரு சர்க்கரைக் கூம்பைக் கட்டி வெச்சா?"

சர்க்கரைக் கூம்பு இரண்டு கிலோ கனம். கத்தூர் தாடியைத் தடவினார். "பாரம் ஏறுனா வழுக்கும். தொட்டில்ல கிடக்கிற பிள்ளைக்கும் தெரியும். எட்டுல ஓடிரும்."

"பதினாலுலதான் ஓடும். தோத்தவன் கொட்டிலுக்கே ஸ்ஃபென்ஜ் வாங்கித் தரணும்."

"எண்ணெயில பொரிச்ச சூட்டோட வேணும். எனக்கு அஞ்சு."

மற்ற ஓட்டிகளும் கூடிவிட்டார்கள். ஜிலாலி ஜாக்கியைச் சுற்றினார். எட்டு விரல் தாண்டியது. பத்து தாண்டியது. கத்தூர் குனிந்து கல்லுக்கும் லாடத்துக்கும் நடுவில் பசை இருக்கிறதா என்று பார்த்தார். பன்னிரண்டு, பதின்மூன்று. பதினாலில் சர்க்கரைக் கூம்பு லாடத்தோடு சேர்ந்து வழுக்கி வந்து கத்தூரின் கால் விரலில் விழுந்தது.

"ஐயோ! கண்கட்டு வித்தைடா இது!"

"வித்தை இல்லப்பா, கேளு!" ஜிலாலி ஜாக்கியை விட்டு எழுந்தார். அவர் முகம் சிவந்து நான் பார்த்தது அன்றுதான். அக்கா வீட்டுக்கு ஓலைக்கூடை கேட்டு நான் கொட்டிலுக்குப் போயிருந்தேன். "பாரம் கழுதையைக் கீழ தள்ளுது, உண்மைதான். ஆனா அதே பாரம் லாடத்தைக் கல்லுல போட்டு அமுக்கவும் செய்யுதுல்ல? தள்ளுறது ரெண்டு மடங்கானா, பிடிக்கிறதும் ரெண்டு மடங்காவுது. ரெண்டும் ஒண்ணா ஏறுது, ஒண்ணா இறங்குது. பாரத்துக்கும் வழுக்குறதுக்கும் சம்பந்தமே இல்லை. நடுவுல என்ன இருக்கோ அதுதான் விஷயம். லாடம் என்ன, கல்லு என்ன, ரெண்டுக்கும் நடுவுல என்ன."

"அப்போ இரும்பு எத்தனை?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

ஜிலாலியின் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் தணிந்தது. சுவரில் தனியாகக் கிடந்த ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். "ஆறு. காஞ்ச கல்லுல. ஈரத்துல அஞ்சுகூட இல்லை." கோட்டிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னார்: "நான் மஸூதாவோட பாரத்தைக் குறைச்சேன். லாடத்தை மாத்தலை."

கத்தூர் ஸ்ஃபென்ஜ் வாங்கித் தரவில்லை. சர்க்கரை விழுந்த கால் வீங்கிவிட்டது, அதற்கும் இதற்கும் சரி என்றார்.

புதுக் கழுதை ஸர்காவுக்கு நான்கு காலிலும் டயர் லாடம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தேயும், மாற்றுவார். ஆனாலும் எங்கள் சரிவில் அவர் அவளை இறக்கவே இல்லை. பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவார், கால் மணி நேரம் கூடுதலாக. பதினாலு விரல் என்று சுவரில் கோடு கிடந்தது. அப்படியும் சரிவின் தலை வரை வந்து நின்று, கீழே பார்த்து, திரும்பிவிடுவார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை அந்தச் சுற்றுவழி அவருக்குக் கைகொடுக்கவில்லை.

சரிவின் அடியில் லல்லா பத்தூல் என்ற அம்மாள் நடத்தும் ஹம்மாம், பொதுக் குளியல் கூடம், இருக்கிறது. அதன் செம்பு அண்டா ஞாயிறன்று வெடித்துவிட்டது. தொட்டியை வடித்து, பழைய அண்டாவை வெட்டி எடுத்து, கோட்டை வாசலுக்கு வெளியே உள்ள பட்டறையில் புதிதாக அடிக்கச் சொன்னார்கள். நாங்கள் இருக்கும் சந்தின் மேல்முனை வீட்டு நுஸ்ஹாவுக்குக் கல்யாணம். வியாழன் மாலை அவளை ஹம்மாமுக்கு அழைத்துப் போக வேண்டும், வெள்ளி மருதாணி. அண்டா வியாழன் காலை தயாரானது. சுற்றுவழியில் ஒரு பழைய வீடு சாயாமல் இருக்கக் குறுக்கே மரக்கட்டைகள் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அண்டா அந்த இடைவெளிக்குள் நுழையாது. சரிவு ஒன்றே வழி.

"உனக்கு முடியலன்னா சொல்லிடு, ஸி ஜிலாலி" என்றார் லல்லா பத்தூல் போனில். "கத்தூரைக் கூப்பிட்டுக்கிறேன்."

"வேணாம் லல்லா. நானே வரேன்."

கத்தூரின் இரும்பு லாடத்தில் அந்த அண்டா இறங்குவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஸர்காவுக்கு அன்று காலையில்தான் புது லாடம் அடித்திருந்தார்.

இனி நடந்தது எங்கள் வீட்டாரின் தவறு, மறைப்பதற்கில்லை. மணப்பெண் நடந்து போகும் வழியைச் சந்துப் பெண்கள் கழுவி விடுவது வழக்கம். அம்மாதான் அன்று தலைமை. பத்துப் பெண்கள், ஆளுக்கொரு துடைப்பம், ஹம்மாமில் உடம்புக்குத் தேய்க்கும் கறுப்புச் சோப்பு ஒரு வாளி நிறைய. ஆலிவ் எண்ணெயில் செய்த சோப்பு அது, களிம்பு மாதிரி இருக்கும். மேலிருந்து கீழ் வரை பூசித் தேய்த்து, அலசலாம் என்று குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பேட்டை முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டது. மாலைக்குத்தான் வரும் என்றார்கள்.

அப்போதுதான் மேலே "பாலக்!" என்று கேட்டது.

ஸர்கா சரிவின் தலையில் வந்து நின்றாள். முதுகில் அண்டா, குப்புறக் கவிழ்த்த பெரிய குடை மாதிரி, வெயிலில் தகதகவென்று. பின்னால் வேடிக்கைக்கு வந்த கத்தூர். ஜிலாலி குனிந்தார், செருப்பின் அடியால் ஒருமுறை இழுத்தார். கால் தன்பாட்டில் ஓடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"யார் இந்தக் காரியம் பண்ணது?"

"சுத்தமாத்தானே கழுவினோம்!" என்றாள் அம்மா துடைப்பத்தோடு.

"தண்ணி ஊத்தி அலசிரலாமே" என்று யாரோ சொல்ல, பக்கத்து வீட்டுக் குடத்தில் இருந்ததைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். நுரைதான் பொங்கியது. முன்பைவிட மோசம்.

"அண்டாவை இறக்கி வெச்சிட்டு, கழுதையை வெறுமனே ஓட்டிட்டுப் போ" என்றார் கத்தூர். "நாம எட்டுப் பேர் தூக்கிட்டு இறங்குவோம்."

"வெறுங்கழுதையும் இதே இடத்துலதான் வழுக்கும். கல்லைப் பார்த்தேல்ல நீ? எட்டுப் பேருக்குப் பதினாறு காலு. அதுல ஒண்ணு போனா அண்டா நம்ம எல்லார் மேலயும்."

"அப்போ என்னதான் பண்றது? பொண்ணு குளிக்காம போவாளா?" கீழிருந்து லல்லா பத்தூல் கத்தினார்.

ஜிலாலி அண்டாவைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் வாசலுக்கு நேராக இருந்த கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று கத்தூரின் தோளைப் பிடித்தார்.

"கத்தூர்! கொட்டிலுக்கு ஓடு! என் கல்லு, ஜாக்கி, ஒரு பழைய லாடம். எடுத்துட்டு வா!"

"நானா?"

"நீதான். ஸ்ஃபென்ஜ் கடன் இருக்குல்ல?"

கத்தூர் ஓடினார். கைவண்டியில் கல் வந்தது. சந்தே மேலே திரண்டுவிட்டது, ஜன்னல்களில் தலைகள். ஜிலாலி வாளியிலிருந்து அதே சோப்பை அள்ளிக் கல்லில் பூசினார். டயர் லாடத்தை வைத்தார். ஜாக்கியைச் சுற்றினார். நான்கு விரலில் ஓடிவிட்டது.

"சரிவு ஆறு. இது நாலுலயே ஓடுது. காலை வெச்சா அவ்ளோதான்."

"சாம்பல்!" என்று கத்தியபடி கீழிருந்து ஹம்மாமின் உலைக்காரர் மெஸியான் ஒரு தகரம் நிறையச் சாம்பலோடு சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். முகம் முழுக்கக் கரி. "எண்ணெய் கொட்டுன இடத்துலல்லாம் நான் இதைத்தான் போடுவேன். போட்டா இரும்பு மாதிரி பிடிக்கும்!"

பெண்கள் இரண்டு கை சாம்பலைச் சரிவில் வீசவே தொடங்கிவிட்டார்கள். "நில்லுங்க!" என்று ஜிலாலி தடுத்து, முதலில் கல்லில் தூவினார். சாம்பல் சோப்போடு சேர்ந்து கூழாகியது. மூன்று விரல்கூட வரவில்லை, லாடம் மீன் மாதிரி நழுவியது.

"இரும்பா இது? வெண்ணெய்!" என்றார் கத்தூர்.

மெஸியானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்போ ஆலிவ் கொட்டை. நொறுக்குனது. நறநறன்னு இருக்கும்." அவர் உலையில் எரிக்கும் கொட்டை நொறுக்கு ஒரு சட்டி வந்தது. ஜிலாலி தூவி, லாடத்தை வைத்து, ஜாக்கியை ஒரு சுற்றுச் சுற்றினார். லாடம் கொட்டைகளின் மேல் உருண்டே போய்விட்டது.

"சக்கரம் வெச்சுக் குடுத்துட்டியேப்பா" என்றாள் அம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். ஜிலாலி சிரிக்கவில்லை. ஸர்கா பாரத்தோடு நின்று அரை மணி ஆகியிருந்தது, கால் மாற்றி மாற்றி வைத்தாள். அவர் மெஸியானைப் பார்த்தார். "உன் உலையில வேற என்ன போடுவே?"

"மரத்தூள். தேவதாரு. தச்சன் பட்டறையிலேருந்து வரது. ஆறு மூட்டை கிடக்கு. ஆனா அதைக் கேக்காத. சாயங்காலம் அண்டாவுக்கு நெருப்பு அதுலதான் போடணும்."

"ஒரு பிடி குடு. ஒரே பிடி."

தூளைக் கல்லில் கொட்டினார். மஞ்சளாக இருந்த தூள் சோப்பைக் குடித்துக் கறுத்தது. மேலே இன்னொரு பிடி. லாடத்தை வைத்தார். நாலு விரல். சந்து முழுக்க எண்ணத் தொடங்கியது. "அஞ்சு! ஆறு!" ஆறிலும் லாடம் அசையவில்லை. "ஏழு! எட்டு!" ஜன்னலிலிருந்தும் எண்ணினார்கள். "ஒம்போது! பத்து!" பதினொன்றில் லாடம் ஓடியது.

"பதினொண்ணு!" ஜிலாலி எழுந்து குதித்தேவிட்டார். "சரிவு ஆறு, இது பதினொண்ணு! போதும்! தாராளமாப் போதும்!"

"டேய், அது உள்ளங்கை அகல லாடம்" என்றார் கத்தூர். "மேல ஒண்ணுமே இல்லை. அங்க நிக்கிறது ஒரு கழுதை, நூத்தி இருபது கிலோ அண்டா."

ஜிலாலி அவரைப் பார்த்தார். கத்தூர் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சரி, சரி" என்று சொல்லி, மூட்டை தூக்க மெஸியானோடு இறங்கிப் போனார்.

ஆறு மூட்டைத் தூளையும் சரிவின் நடுவில் இரண்டு முழ அகலத்துக்குப் பாதையாகக் கொட்டினோம். மணப்பெண்ணுக்கு விரித்த கம்பளம் மாதிரி கிடந்தது. தேவதாரு வாசனை மூக்கை அடைத்தது. ஜிலாலி ஸர்காவின் கழுத்தைத் தட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"பாலக்" என்றார். யாரும் வழியில் இல்லை. பழக்கத்தில் சொல்லியிருப்பார்.

முதல் காலை வைத்தாள். பிடித்தது. இரண்டாவது. அண்டா இப்படியும் அப்படியும் அசைந்து சுவர்களில் வெளிச்சத்தை எறிந்தது. குட்டிக் குட்டி அடி, ஒவ்வொரு காலும் தட்டையாக ஊன்றி. பத்து அடி. இருபது அடி. துடைப்பம் பிடித்த அம்மாவின் கை வெளுத்திருந்தது.

எங்கள் வாசலுக்கு நேராக, அதே இடத்தில், இடது பின்னங்கால் தூள் பாதையின் விளிம்பைத் தாண்டிச் சோப்பில் பட்டது.

கால் ஓடியது. ஒரு சாண் ஓடியது. ஒரு பெண் அலறினாள். நான் ஜிலாலியின் கையைத்தான் பார்த்தேன். கயிற்றைப் பிடித்திருந்த அந்தக் கை இறுகியது, நரம்பு புடைத்தது. இழுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

விரல்களைத் திறந்தார். கயிறு தொங்கியது.

"உன் இஷ்டம்மா" என்றார் மெதுவாக. "தூக்கி வை. நீயே தூக்கி வை."

ஸர்காவின் மற்ற மூன்று கால்களும் தூளில் பிடித்து நின்றன. அண்டா ஒருமுறை பெரிதாகச் சாய்ந்து திரும்பியது. அவள் ஓடும் காலை நிறுத்தப் பார்க்கவில்லை. அதைத் தூக்கினாள். காற்றில் ஒரு கணம் வைத்திருந்தாள். பிறகு பாதைக்கு உள்ளே தட்டென்று ஊன்றினாள்.

பிடித்தது.

அதன் பிறகு கீழே போய்ச் சேரும் வரை அவர் கயிற்றைத் தொடவில்லை. அவள் பக்கத்தில் வெறும் கையோடு நடந்தார். கடைசிக் கல்லைத் தாண்டி ஹம்மாம் வாசலில் ஸர்கா நின்றபோது சரிவு முழுவதும் குலவைச் சத்தம் கிளம்பியது; மணப்பெண்ணுக்கு வைத்திருந்ததைப் பெண்கள் கழுதைக்குக் கொடுத்துவிட்டார்கள். லல்லா பத்தூல் அண்டாவைத் தடவிப் பார்க்காமல் ஸர்காவின் நெற்றியைத் தடவினார்.

ஜிலாலி வாசல்படியில் உட்கார்ந்து அழுதார், சிரித்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஓட ஆரம்பிச்ச காலு பிடிக்காதும்மா. ஊன்றி நிக்கிற காலுதான் நல்லாப் பிடிக்கும். அன்னிக்கு மஸூதாவை நான் இழுத்தேன். ஓடுற காலையே இழுத்தேன். அவளுக்குத் தூக்கி வைக்க இடமே குடுக்கலை."

இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "புத்தகத்திலயும் அப்படித்தான் இருக்கு, ஸி ஜிலாலி" என்றேன். "ரெண்டுமே. பாரத்தைப் பத்தி நீங்க சொன்னதும், இதுவும்."

"புத்தகத்துலயா?" அவர் கண் விரிந்தது. "யாரு எழுதுனா? அவர்கிட்டயும் கழுதை இருந்துச்சா?"

மாலையில் தண்ணீர் வந்தது. மெஸியான் முணுமுணுத்துக்கொண்டே தூளையெல்லாம் கூட்டி அள்ளி உலையில் போட்டார். எண்ணெய்ச் சோப்பு ஊறிய தூள் அவர் ஆயுளில் பார்க்காத அளவுக்கு எரிந்ததாம். நுஸ்ஹாவின் தோழிகள் வெந்நீர் தாங்காமல் கத்தியது சந்து வரை கேட்டது.

மறுநாள் காலை ஜிலாலி கொட்டிலுக்குப் போனபோது கல் பழைய இடத்தில் இருந்தது. ஜாக்கி பொருத்தியிருந்தது. பக்கத்தில் கத்தூர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் தாளில் சுற்றிய சூடான ஸ்ஃபென்ஜ், ஒரு இரும்பு லாடம், ஒரு பழைய டயர்.

"சர்க்கரைக் கூம்பு வேணாம்" என்றார், காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு. "இந்த டயரு எத்தனை விரல்னு மட்டும் பார்த்துச் சொல்லு."